செம்பு இல்லாத ஒயர்

அக்கா,

இன்று காலை எங்கள் வாசலில் உன் வாசனை வந்தது.

ஃபைபர் போட வந்தவர் கம்பத்தில் ஏறி, தொங்கிக்கொண்டிருந்த கறுப்பு ஒயரின் தோலைச் சீவினார். உள்ளே இருந்த பிசுபிசுப்பைப் பழந்துணியில் துடைத்துத் துணியைக் கீழே எறிந்தார். வாஸ்லின் டப்பாவில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கலக்கியது மாதிரி ஒரு வாடை. அந்தத் துணியை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டேன். அவர் மேலிருந்து பார்த்துவிட்டு, "ஆயா, கலீஜ் ஆயா அது, கீய போடு" என்றார். கலீஜாம். உன் முந்தானையிலும், புடவைக்கு மேல் நீ மாட்டிக்கொள்ளும் உன் வீட்டுக்காரரின் பழைய சட்டையிலும், நீ குடித்து வைத்த டீ கிளாசிலும்கூட ஒட்டியிருந்த வாசனை அது. நான் கீழே போடவில்லை.

அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டது. சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டினார், பச்சை விளக்கு எரிந்தது, "நெட்டு வந்துச்சு ஆயா" என்று சொல்லி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அரை மணி நேரம்! இதே வேலைக்கு நீயும் நானும் மாசியில் கிளம்பி ஆடியில் போய்ச் சேர்ந்தோம். அதைச் சொன்னால் அவர் நம்பியிருக்க மாட்டார். அதனால் உனக்கே எழுதுகிறேன். ஐந்தாவது வரை படித்தவள் எழுத்துதான். ஆனால் என் எழுத்தை இந்த மேட்டில் எல்லா வீடும் படித்திருக்கிறது என்பது உனக்குத் தெரியும்.

அப்போது உப்புமேட்டில் இருபத்தாறு வீடுதான். சடையங்குப்பத்தைத் தாண்டி, உப்பளத்து நடுவில், இங்கே நாலு வீடு, அங்கே மூன்று வீடு என்று சிதறிக் கிடக்கும். ஒரு வீட்டில் மீன் வறுத்தால் அடுத்த வீட்டுக்கு வாசனை போகாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆலைப் புகைபோக்கி தெரியும். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் வண்டிகள் மெயின் ரோட்டில் வரிசையாக நாள் கணக்கில் நிற்கும். உலகத்துச் சாமான் எல்லாம் எங்கள் பக்கத்தில்தான் இறங்கியது, ஏறியது. எங்கள் மேட்டுக்கு ஒரு ஒயர் வருவதற்குத்தான் வழி இல்லாமல் இருந்தது.

என் மகள் கலா மஸ்கட்டில் நர்ஸ் வேலைக்குப் போய், அங்கேயே பிள்ளையும் பெற்றிருந்தாள். பேத்தி திவ்யாவுக்கு ஒரு வயது முடிந்திருந்தது. கலாவுக்கு லீவு அடுத்த வருடம்தான். எங்கள் வீட்டுக்காரரோ ஆலையில் மூட்டை சரிந்து மேலே விழுந்ததில் இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் மூன்றாவது வருடமாகப் படுத்திருந்தார். அந்த வருடம் நெஞ்சும் கெட்டுப்போனது. ஆஸ்பத்திரி டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த மழைக்காலத்தைத் தாண்டுவது கஷ்டம் என்று சொல்லிவிட்டார்.

கலா தபாலில் போட்டோ அனுப்புவாள். அதை அவர் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு படுத்திருப்பார். ஒருநாள் சொன்னார்: "போட்டோவ நான் பாக்கறேன்மே. அது என்னப் பாக்க மாட்டேங்குதே."

திருவொற்றியூரில் பிரௌசிங் சென்டர் இருந்தது. அங்கே போனால் கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசலாம் என்றார்கள். மீன்பாடி வண்டியில் மெத்தை போட்டு அவரைப் படுக்கவைத்துக் கிளம்பினோம். அந்த மூன்று சக்கர வண்டி குலுங்கின குலுக்கலில் மணலி ரோட்டைத் தொடுவதற்குள் அவருக்கு மூச்சு முட்டிவிட்டது. திருப்பிக் கொண்டுவந்தோம். டெலிபோன் ஆபீசில் கேட்டேன். "போன் ஒயர்ல நெட்டு அவ்வளவு தூரம் நிக்காதும்மா, வழியிலயே செத்துடும்" என்றார்கள். கடைசியில் பிரௌசிங் சென்டர்காரர்தான், கேபிள்காரம்மாவைப் போய்ப் பார் என்றார்.

உன் கன்ட்ரோல் ரூம் மாடிப்படி இன்னும் என் முட்டியில் இருக்கிறது. நீ ஏணியின் மேல் நின்று, பல்லில் ஒரு ஸ்க்ரூவைக் கடித்துக்கொண்டிருந்தாய். வீட்டுக்காரர் போனபிறகு அவர் தொழிலை அப்படியே எடுத்து நடத்துகிறவள் என்று கேள்விப்பட்டிருந்தேன். இவ்வளவு குண்டாக இருப்பாய் என்று யாரும் சொல்லவில்லை.

"இன்னாமே, எந்த ஏரியா? படம் வர்லியா?"

"படம் வாணாங்கா. நெட்டு வேணும். உப்புமேட்டுக்கு."

நீ சிரித்ததில் ஏணி ஆடியது. "உப்புமேட்டுக்கா? அங்க தபால்காரனே மாசத்துக்கு ஒருவாட்டிதான் வரான். நெட்டு எப்டிமே நடந்து வரும்?"

"நீதான் கூட்டினு வரணும்."

போட்டோவைப் பற்றி எங்கள் வீட்டுக்காரர் சொன்னதைச் சொன்னேன். அதற்காக நான் அழவில்லை, உனக்கு ஞாபகம் இருக்கும். நீதான் ஸ்க்ரூவை வாயிலிருந்து எடுத்துவிட்டு, ஏணியிலிருந்து இறங்கி வந்து, எனக்குச் சமமாகத் தரையில் உட்கார்ந்தாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாய். முன் சக்கரத்தில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டியிருந்தாய். மெயின் ரோட்டிலிருந்து எங்கள் வாசல் வரை துணி எத்தனை முறை சுற்றி வருகிறது என்று எண்ணிக்கொண்டே நடந்தாய். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால், "சும்மா இரு, எண்ணிகினு கீறேன்ல" என்று எரிந்து விழுந்தாய். இரண்டரை கிலோமீட்டர் வந்தது.

"தெருவுல நூறடி இழுத்தா இருவது வூடு மாட்டிக்கும். இங்க இவ்ளோ தூரம் இழுத்தாலும் மொத்தமே இருவத்தாறு. பாதி பேரு வாணாம்பாங்க. எந்தக் கம்பெனிமே ஒத்துக்கும்?" என்றாய். அதற்கப்புறம் என் வீட்டுக்குள் வந்து, படுத்திருந்தவரைப் பார்த்தாய். "இன்னாண்ணே, பேத்திய பாக்கணுமாமே?" என்று கேட்டாய். அவர், "நான் பாத்துட்டேன். அவ என்னப் பாக்கணும்" என்றார். நீ திரும்பிப் போகும்போது எண்ணவில்லை. சைக்கிளை ஏறி மிதித்துக்கொண்டு போனாய்.

அதற்குப் பிறகு நெட்டு கொடுக்கிற கம்பெனி ஆபீசுக்கு நீ எத்தனை தடவை நடந்தாய் என்று எனக்குத் தெரியாது. கேட்டால், "நடந்துகினு கீது" என்பாய்.

இனி எழுதப்போவது உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் என் கையால் ஒருமுறை எழுதியாக வேண்டும்.

வீட்டை ஒட்டி நான் நடத்துவது காயலாங்கடை; எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பழைய இரும்பு, பித்தளை, ஒயர் எது கொண்டுவந்தாலும், எங்கிருந்து என்று கேட்க மாட்டோம். தராசில் போடு, எடையைப் பார், அவ்வளவுதான். கேட்டால் அந்த ஆள் அடுத்த கடைக்குப் போய்விடுவான். பங்குனி மாதம் ஒரு மத்தியானம், குப்பை பொறுக்குகிற ஆள் ஒருவர் கைவண்டியில் கறுப்பு ஒயரைப் பெரிய வளையமாகச் சுற்றிக் கொண்டுவந்தார். விரல் தடிமன். நல்ல கனம். உள்ளே இருக்கிற செம்பை நான் மனதுக்குள்ளேயே உருக்கிப் பார்த்துவிட்டேன். எங்கிருந்து என்று கேட்கவில்லை.

எரித்தால்தான் தோல் போய்ச் செம்பு நிற்கும். வழக்கம்போலக் கொல்லையில் பழைய டயரைப் போட்டு, மேலே வளையத்தை வைத்துப் பற்றவைத்தேன். கரும்புகை உப்பளத்தைத் தாண்டிப் போனது. உள்ளே அவர் இருமினார். "இன்னாமே, இன்னிக்குப் புகை வேற வாடையா கீது?" என்று கேட்டார். எனக்கும் வேறு மாதிரிதான் தெரிந்தது.

தணிந்ததும் கம்பியால் சாம்பலைக் கிளறினேன். சிவப்பாக ஒன்றும் இல்லை. மஞ்சள் நூல் கொஞ்சம் வேகாமல் கிடந்தது. அப்புறம் வெயிலில் மயிர் மாதிரி ஏதோ பளபளத்தது. அள்ளினேன். கட்டைவிரலில் சுருக்கென்றது. கொண்டுவந்த ஆளை அவர் பரம்பரையோடு சேர்த்துத் திட்டிவிட்டு, மஞ்சள் வைத்து விரலைக் கட்டிக்கொண்டேன்.

மறுநாள் நீ வந்தாய். கடை வாசலில் கிடந்த பழைய பிரிட்ஜின் மேல் உட்கார்ந்தாய். தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்திருந்தாய்.

"அறுத்துட்டானுங்கமே."

"எத்த?"

"உன் ஒயரத்தான். கம்பெனிக்காரன் எறங்கி வந்து ஒரு ட்ரம்மு ஒயரு குடுத்தான். சொல்லாம கொள்ளாம இழுத்துகினு வந்து, உன் வாசல்ல நின்னு, இந்தா புடின்னு குடுக்கலாம்னு இருந்தேன். உப்பளத்து மதகு வரிக்கும் கட்டிட்டுப் போனேன். வந்து பாத்தா கம்பம் மட்டும் நிக்குது. மீதி ட்ரம்மயும் உருட்டினு போய்ட்டானுங்க."

கட்டுப் போட்ட கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். என்னவோ சொல்ல வந்தேன். நீ என் கையைப் பார்த்தாய்.

"வெரல்ல இன்னா துணி?"

"முள்ளுகா."

"எங்க, காட்டு."

துணியை அவிழ்த்தாய். விரலை வெயிலில் திருப்பினாய். நாலைந்து இடத்தில் பளிச்சென்றது.

"எந்த மரத்து முள்ளுமே இப்டி மின்னுது?"

நீ சட்டைப் பையிலிருந்து செல்லோ டேப்பை எடுத்தாய். துண்டு துண்டாகக் கிழித்து, என் விரலில் ஒட்டி ஒட்டி எடுத்தாய். பேன் பார்க்கிறவளைப் போல அவ்வளவு பொறுமையாக. "இந்தக் கைய கண்ணுல வெக்காத. வாயில வெக்காத. சோறு தின்னாத. கண்ணாடிமே இது. நூலாட்டம் இழுத்த கண்ணாடி." ஒன்று மட்டும் ஆழமாகப் போய்விட்டிருந்தது. அழுத்திப் பார்த்தாய், நிமிண்டிப் பார்த்தாய். "இது வராது. கெடக்கட்டும். கண்ணாடி துருப்புடிக்காது. உன்ன ஒண்ணியும் பண்ணாது."

பிறகு எழுந்து கொல்லைப் பக்கம் போனாய். சாம்பலைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாய். நீ கத்துவாய் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். திரும்பி வந்து, குடிக்காமல் வைத்த தண்ணீரைக் குடித்தாய்.

"இதுக்குள்ள செம்பு இல்லமே. உம் பேத்திதான் இருந்தா."

அவ்வளவுதான் சொன்னாய்.

"போலீசுல சொல்லிடுவியாகா?" என்று கேட்டேன். வெட்கம் கெட்ட கேள்விதான். ஆனால் ஒயர் களவு என்றால் முதலில் காயலாங்கடைக்குத்தான் வருவார்கள், படுத்திருக்கிறவரை யார் பார்ப்பது என்றுதான் எனக்கு ஓடியது.

"போலீசு எதுக்கு? கண்டெய்னர் வண்டி இழுத்துட்டுப் போயிடுச்சுன்னு சொல்லிக்கலாம்" என்றாய். அப்போது அது எனக்கு வெறும் பேச்சாகத்தான் பட்டது.

கம்பெனி இரண்டாவது ட்ரம் கொடுக்கவில்லை. மெயின் ரோடு வரை எங்கள் ஒயர் இருக்கிறது, அங்கிருந்து வேண்டுமானால் உன் பாட்டில் இழுத்துக்கொள் என்று சொல்லிவிட்டார்கள். நீ இரண்டு வாரம் இந்தப் பக்கம் வரவில்லை. நான் அந்த இரண்டு வாரமும் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருந்தேன். பிறகு உன் மாடி ஏறி வந்து சொன்னேன்.

"யக்கா, செம்பு இல்லாத ஒயரு எந்தக் காயலாங்கடையிலயும் வெல போவாது இல்ல?"

"அதுக்கு?"

"அப்போ எல்லாக் கடையிலயும் அது மூலையில கெடக்கும்ல? எரிச்சுப் பாத்து ஏமாந்தவ நான் ஒருத்திதானா?"

நீ என்னை மேலும் கீழும் பார்த்தாய். "அஞ்சாங் கிளாஸா நீ?"

"அஞ்சாங் கிளாஸ் பாஸுகா."

அந்த வருடம் ஊரெல்லாம் ரோட்டைத் தோண்டி ஃபைபர் புதைத்துக்கொண்டிருந்தார்கள். மிச்சம் விழுந்த துண்டெல்லாம் நம் பக்கத்துக் கடைகளுக்குத்தான் வந்திருந்தது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஒரு காயலாங்கடை விடாமல் ஏறி இறங்கினோம். தண்டையார்பேட்டையில் ஒரு பாய், "யம்மா, செம்பு இல்லாத ஒயர கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான். ரெண்டு பேருக்கும் வெயிலு ஒத்துக்கலியா?" என்று மோர் வாங்கிக் கொடுத்தார். "எட்த்துகினு போங்க. எனக்கு எடமாவது காலியாவும்."

எல்லாத் துண்டும் ஆகாது என்றாய். ஒரே ரகமாக இருந்தால்தான் ஒன்றோடு ஒன்று சேரும் என்றாய். "ஒயர்லயும் ஜாதியாகா?" என்று கேட்டேன். "இதுல மட்டுந்தான்மே அதுக்கு நியாயம் கீது" என்றாய். அந்தக் கடை வாசலில் நாம் சிரித்த சிரிப்பில் பாய் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

கம்பம் அடுத்த பிரச்சினை. மதகிலிருந்து மேடு வரை வழியில் மின்கம்பமே கிடையாது; எங்களுக்குக் கரண்டு ஆலைப் பக்கமாகச் சுற்றி வந்தது. என் கடையில் இருந்த பழைய இரும்புக் குழாய் எல்லாவற்றையும் எடுத்தேன். போதாததற்குச் சவுக்குக் கம்பு. ஒவ்வொரு வீடும் தன் பக்கத்துக் குழியைத் தானே தோண்ட வேண்டும் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னோம். கடைசித் திட்டில் இருந்த முனியம்மா, "எனக்கு இன்னாத்துக்கு நெட்டு? ஃபாரின்ல எனக்கு யாரு கீறா? எங்க வூட்டு ஆளு மீஞ்சூருக்குப் போய்ட்டு வரேன்னுட்டுப் போனவன், பத்து வருசமாச்சு, அந்தாண்டயே நின்னுட்டான்" என்றாள். நீ சளைக்காமல், "நெட்டுல தேடிப் பாக்கலாம்மே, மீஞ்சூரு ரொம்ப தூரமா இன்னா?" என்றாய். அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, கடப்பாரையை எடுத்து வந்து முதல் குழியைத் தோண்டினாள்.

கட்டினது மறுபடி அறுபடாமல் இருக்க என்ன செய்வது? அதை யோசித்ததும் நான்தான், பெருமைக்காகச் சொல்லவில்லை, பெருமையாகவே சொல்கிறேன். ஒயரில் ஒரு சாண் துண்டு வெட்டி, நீளவாட்டில் பிளந்து, உள்ளே இருப்பது எல்லோருக்கும் தெரியும்படி ஒவ்வொரு கம்பத்திலும் கட்டித் தொங்கவிட்டோம். கூடவே ஒரு தகரம். ஒவ்வொரு தகரத்திலும் மிச்சப் பெயின்டில் என் கையால் எழுதினேன்: "இதில் செம்பு இல்லை. கண்ணாடி நூல்தான். எரித்தவள் சொல்கிறேன்."

கடைசி வரியை நீ படித்தாய். தகரத்தை நேராக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கட்டினாய். அதற்குப் பிறகு ஒரு அடி ஒயர் களவு போகவில்லை. நாம் இருவரும் அந்தச் சாம்பலைப் பற்றி மறுபடி பேசவும் இல்லை.

துண்டுகளைச் சேர்க்கிற மெஷினை யாரிடமோ இரண்டு நாளைக்குக் கெஞ்சி வாங்கி வந்தாய். தலைமயிரைவிட மெல்லிசான இரண்டு நூலை முனைக்கு முனை நிறுத்தி ஒட்ட வேண்டும். உப்பளத்துக் காற்று விடாது. நான் பெரிய குடையைச் சாய்த்துப் பிடித்து மறைத்துக்கொண்டு நின்றேன். "மூச்ச இந்தாண்ட வுடாதமே" என்றாய். அடக்கிக்கொண்டேன். பதினாலு இடத்தில் ஒட்டினாய். "ஒவ்வொரு ஒட்டுலயும் கொஞ்சம் வெளிச்சம் சிந்திப்பூடும். கடைசில உன் வூட்டாண்ட எவ்ளோ மிஞ்சும்னு எனக்கே தெர்ல" என்றாய். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, இந்த ஒயரில் போவது கரண்டு இல்லை, வெளிச்சம் என்று.

ஆடி மாதம். நீ மெயின் ரோட்டுப் பெட்டியிடம் நின்றாய். நான் எங்கள் வாசலில், ஒயரின் முனையைப் பிடித்துக்கொண்டு, முனியம்மாவின் செல்லைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"கண்ணுக்கு நேரா வெச்சுப் பாக்காத. உள்ளங்கையில காட்டு. மறச்சுக்கோ. வுடறேன்."

முந்தானையை இழுத்துக் கையை மூடி இருட்டாக்கினேன். ஒன்றும் இல்லை.

"வர்லகா."

"இரு. தொடச்சு வுடறேன்."

உள்ளே அவர், "இன்னாமே, வந்துச்சா?" என்று கேட்டார். மறுபடி மூடிக்கொண்டேன். என் உள்ளங்கையில் ஒரு பொட்டு விழுந்தது. சிவப்பு. குங்குமப் பொட்டைவிடச் சின்னது. இரண்டரை கிலோமீட்டர் தள்ளி நீ நிற்கிறாய், உன் கையிலிருந்து கிளம்பினது என் கையில் வந்து நிற்கிறது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீதான் போனில் கத்தினாய்: "இன்னாமே, செத்துட்டியா? சொல்லேன்!"

"வந்துச்சுகா. பொட்டாட்டம் கீது."

அந்தப் பக்கம் கண்டெய்னர் வண்டி ஹாரன்தான் கேட்டது. அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கைய எடுக்காத. அப்டியே இரு. நான் வரேன்" என்றாய். நீ சைக்கிளில் வந்து சேரும்வரை நான் கையை எடுக்கவில்லை. வந்ததும் உன் கையை நீட்டினாய். ஒயரை உன் பக்கம் திருப்பினேன். உன் வீட்டுக்காரர் போனதிலிருந்து வெறுமையாக வைத்திருந்த நெற்றியில் வைக்காததை, உன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாய்.

வெள்ளிக்கிழமை. மஸ்கட்டில் லீவு நாள். உன் கன்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டரையே, மேலே ஒரு குட்டி கேமராவும் பொருத்தி, மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, அவர் கட்டில் தலைமாட்டில் வைத்தாய். மேட்டு ஜனமெல்லாம் வாசலில். கலா முகம் கட்டம் கட்டமாக வந்தது. மடியில் திவ்யா. அவ்வளவு கூட்டத்தைப் பார்த்து பயந்து, குழந்தை சட்டென்று அம்மா பக்கம் திரும்பிக்கொண்டது. அந்த நேரம் பார்த்துப் படம் நின்றுவிட்டது. திரை முழுக்கக் குழந்தையின் பின்மண்டை.

நீ ஒயரைப் பிடித்துப் பார்த்தாய், பெட்டியைத் தட்டினாய். "ஐயோ பேஜாரு, இப்பவா நிக்கணும்!" என்று தவித்தாய். அவர் கவலைப்படவே இல்லை. அந்தப் பின்மண்டையை ஆசையாகப் பார்த்துக்கொண்டு, "மண்ட எங்க வூட்டு மண்டதான்" என்றார். வாசலில் அத்தனை பேரும் சிரித்தார்கள்.

படம் மறுபடி ஓடியது. குழந்தை திரும்பியது. நேராக அவரையே பார்த்தது. அவர் கையைத் தூக்க முடிந்த அளவு தூக்கி ஆட்டினார். குழந்தை முதலில் பார்த்துக்கொண்டே இருந்தது. அப்புறம் அதுவும் கையை ஆட்டியது.

"பாத்துட்டா" என்றார். என்னிடம் இல்லை, உன்னிடம். "யம்மா, என்னப் பாத்துட்டா."

நீ, "ஒயரு அப்டித்தான்ணே, ரெண்டு பக்கமும் பாக்கும்" என்று சொல்லிவிட்டு, யாரும் பார்ப்பதற்குள் கொல்லைப் பக்கம் போய்விட்டாய்.

அதற்குப் பிறகு எல்லா வெள்ளிக்கிழமையும் அவர் காலையிலேயே சவரம் செய்துகொள்வார். ஐப்பசி மழையில் போனார். டாக்டர் சொன்னபடிதான் போனார், ஆனால் குறையில்லாமல் போனார். அந்த மழைக்கே பாதிக் கம்பம் சாய்ந்தது. தண்ணீர் வடிந்ததும் நீ வந்து நின்றாய். "இன்னாமே, குந்திகினு கீறே? குழாய எடு" என்றாய். முனியம்மாவுக்கும் மற்றவர்களுக்கும் நெட்டு வேண்டியிருந்தது என்று சொன்னாய். எனக்காகத்தான் வந்தாய் என்பது எனக்குத் தெரியாதா?

திருவொற்றியூரில் தெருத் தெருவாக ஃபைபர் வந்தபோது உன் பழைய கேபிள் ஒவ்வொரு வீடாகக் கழன்றது. மொட்டைமாடியில் எல்லாம் டிஷ் முளைத்தது. "உப்புமேட்டுக்கே போட்டவ, உன் ஏரியாவுல ஏன்கா ஃபைபர் எட்த்துப் போடல?" என்று உன்னை எத்தனை முறை கிண்டல் செய்திருப்பேன். நீ சிரித்துக்கொண்டே, "எனக்கு அந்தக் கண்ணாடி ஒத்துக்கலமே. வெரல்ல குத்துது" என்பாய். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

பிறகு சர்க்கரை உன் காலை எடுத்தது. ஏணி இல்லாத நீ எனக்கு அடையாளம் தெரியாதவளாக இருந்தாய். கடைசியாக வந்தபோது என் கட்டைவிரலைத் தடவிப் பார்த்து, "இன்னும் உள்ளதான் கீதா?" என்று கேட்டாய். கீதுகா என்றேன்.

நீ போன அன்று மூலக்கொத்தளம் சுடுகாட்டு வாசல் வரை உன்னோடு வந்தேன், அக்கா. பொம்பளைகள் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள். நான் நிற்கவில்லை. அங்கேதான் உன் தம்பி என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. "அந்த உப்புமேட்டு ஒயரு காணாமப் போச்சே, அதுக்கு எங்கக்கா கம்பெனிக்கு எழுதிக் குடுத்துட்டா. தாழக் கட்டினது என் தப்பு, கண்டெய்னர் வண்டி இழுத்துட்டுப் போயிடுச்சுன்னு. அதோட அவங்க எங்கக்காவுக்கு ஃபைபரே தர்ல. வேலை தெரியாதவன்னு வேற ஆளுக்கு ஏரியாவக் குடுத்துட்டாங்க" என்றார்.

வேலை தெரியாதவள். பதினாலு ஒட்டுப் போட்டு வெளிச்சம் கொண்டுவந்தவள்.

நான் அங்கேயே அவரிடம் சொன்னேன், எரித்தது நான் என்று. அவர் தலையை ஆட்டினார். "தெரியும். தகரத்துல படிச்சிருக்கேன்" என்றார்.

உன்னிடம் மட்டும் நான் சொல்லவில்லை. நீ கேட்கவில்லை என்பதையே சாக்காக வைத்துக்கொண்டு, மன்னிச்சுக்கோகா என்று ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்துவிட்டேன். இப்போது யார் என்ன கொண்டுவந்தாலும் தராசில் ஏற்றுவதற்கு முன்னால், எங்கிருந்து என்று கேட்கிறேன். பாதிப் பேர் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். போகட்டும்.

திவ்யா கம்ப்யூட்டர் படித்து வேலைக்குப் போய்விட்டாள். இனி நம் மேட்டில் என்னோடு இருந்துகொண்டே வேலை பார்ப்பாளாம். நம் பழைய ஒயர் அந்த வேலைக்குத் தாங்காது, அதற்குத்தான் இந்த ஃபைபர். காலையில் ஃபைபர்காரர் போனபிறகு தரையில் சிந்திக் கிடந்த கண்ணாடித் துணுக்கையெல்லாம், அவள் காலில் ஏறாமல் இருக்க, செல்லோ டேப்பால் ஒட்டி ஒட்டி எடுத்தேன். நீ எடுத்த மாதிரியே.

இன்று வெள்ளிக்கிழமை. எங்கே இருந்தாலும் திவ்யா வெள்ளிக்கிழமை கூப்பிடாமல் இருந்ததில்லை. இதோ போன் அடிக்கிறது. பச்சை வட்டத்தைக் கட்டைவிரலால்தான் அழுத்த வேண்டும். அழுத்தும்போதெல்லாம் உள்ளே சுருக்கென்கிறது. வேறு விரலால் அழுத்தலாம், நான் அழுத்துவதில்லை.

இந்த விரலுக்குள் செம்பு இல்லை, அக்கா. நீதான் இருக்கிறாய்.